பயிற்சியாளர் என்பவர் ஒருவரா, ஒரு குழுவா?

அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரத்தின் உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் பருவம் தொடங்கும்போது வெளியாகும் அறிவிப்பைப் பார்த்தால், வீரர்களின் பெயர்களுக்கு அருகிலேயே இன்னொரு பட்டியலும் இருக்கும். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். பந்து எறிபவர்களைக் கவனிக்க ஒருவர். மட்டையடிப்பவர்களைக் கவனிக்க ஒருவர். இளையோர் அணிக்குத் தனியாக ஒருவர். இவர்களோடு பள்ளியின் எல்லா விளையாட்டுகளுக்கும் பொறுப்பான தடகள இயக்குநர். வசதியுள்ள பள்ளி என்றால், காயங்களைக் கவனிக்கச் சான்றிதழ் பெற்ற உதவியாளர் ஒருவரும் இருப்பார். ஆடுகளத்தில் ஒரு நேரத்தில் நிற்பவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குப் பின்னால் நான்கைந்து பெரியவர்கள்.

முதல்முறை இதைக் கவனிக்கும் நம்மவருக்கு இது பணக்கார நாட்டின் ஆடம்பரமாகத் தோன்றக்கூடும். நீலகிரியில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான். இன்றும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை உதகைக்குச் சென்று வருகிறேன். அங்கே பேஸ்பால் அணி எதையும் நான் பார்த்ததில்லை. இந்திய அமெச்சூர் பேஸ்பால் கூட்டமைப்பு 1983-லேயே தொடங்கப்பட்டுவிட்டது என்றாலும், நம் மலைகளுக்கு அந்த விளையாட்டு இன்னும் ஏறிவரவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியாளர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வேலையும் உதகையின் அரசுப் பள்ளிகளில் நடக்கத்தான் செய்கிறது. கழுத்தில் விசில் தொங்கும் ஒரே ஒருவர் அத்தனையையும் செய்கிறார், அல்லது செய்ய முடியாமல் விடுகிறார். ஆகவே அந்தப் பட்டியலில் ஒவ்வொருவரும் எதற்காக இருக்கிறார் என்று புரிந்துகொள்வது நமக்கும் பயனுள்ளது.

பேஸ்பாலில் ஓட்டம் என்பது நான்கு தளங்களைச் சுற்றி வருவது. அடித்தவர் முதல் தளத்துக்கு ஓடுகிறார். அடுத்தவர் அடிக்கும்போது அவர் இரண்டாம், மூன்றாம் தளங்களைத் தாண்டித் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஓடுபவருக்குப் பந்து தன் முதுகுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். அதனால் மூன்றாம் தளத்தின் அருகே ஒரு பயிற்சியாளர் நின்று, ‘வா’ என்றோ ‘நில்’ என்றோ கையசைக்கிறார். பள்ளி அளவில் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளரே அந்த இடத்தில் நிற்பார். மூக்கைத் தொடுவது, தொப்பியைச் சரிசெய்வது, முழங்கையைத் தடவுவது என அவர் காட்டும் சைகைகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவற்றில் ஒன்றுதான் உண்மையான உத்தரவு. மற்றவை எதிரணியைக் குழப்புவதற்கு. முதல் தளத்தில் நிற்பவரின் வேலை எளிது என்பார்கள். பல பள்ளிகளில் அந்த இடத்தில் தன்னார்வலர் ஒருவரோ, ஆடாத மாணவர் ஒருவரோகூட நிற்பதுண்டு.

பந்தெறிதல் பயிற்சியாளரின் கதை வேறு. அவருடைய வேலையில் பாதி கற்பிப்பது, மறுபாதி தடுப்பது. பேஸ்பால் பந்தை எறியும் கணத்தில் முழங்கையின் உட்புறத்தில் உள்ள தசைநார் தாங்கும் விசை, அது தாங்கக்கூடிய எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தத் தசைநார் கிழிந்தால், உடலின் வேறொரு பகுதியிலிருந்து நாணை எடுத்துப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். 1974-ல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் இதை முதன்முதலில் டாமி ஜான் என்ற தொழில்முறை வீரருக்குச் செய்தார். சிகிச்சைக்கு அந்த வீரரின் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அதே அறுவைச் சிகிச்சை பதின்ம வயதினருக்கும் நடக்கிறது. இதனால்தான் வயதுவாரியான வரம்புகள் வந்தன. 2014-ல் வெளியான வழிகாட்டுதலின்படி 15, 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 76 பந்துகளைத் தாண்டிவிட்டால் அடுத்த நான்கு நாட்களுக்கு எறியவே கூடாது. 2017 பருவத்திலிருந்து அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமும் தனக்கென ஒரு வரம்பை வகுத்தாக வேண்டும் என்று அவற்றின் தேசியக் கூட்டமைப்பு விதித்தது. ஆட்டம் நடக்கும்போது யாரோ ஒருவர் ஒவ்வொரு பந்தையும் எண்ணி எழுதுகிறார். வெற்றியைப் பற்றிக் கவலைப்படும் தலைமைப் பயிற்சியாளரிடமே அந்த எண்ணும் வேலையையும் கொடுத்தால் என்னவாகும் என்பதை ஊகிக்க அதிகச் சிரமம் வேண்டாம்.

இந்தச் சிக்கலின் உச்சத்தை ஜப்பானில் காணலாம். அங்கே தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி 1915-ல் தொடங்கியது. 1924 முதல் கோஷியன் மைதானத்தில் நடக்கிறது. ஆகஸ்ட் வெயிலில், நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்க்கும் போட்டி அது. 1998-ல் யோகோஹாமா பள்ளியின் டைசுகே மட்சுசாகா, காலிறுதியில் 17 இன்னிங்ஸ்களில் 250 பந்துகள் எறிந்தார். அதற்கு முந்தைய நாளும் அவர் முழு ஆட்டத்திலும் எறிந்திருந்தார். அணி கோப்பையை வென்றது. அவர் தேசிய நாயகன் ஆனார். அந்த 250 பந்துகள் பல ஆண்டுகளுக்கு வீரத்தின் அளவுகோலாகப் பேசப்பட்டன.

இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 ஜூலையில், இவாத்தே மாகாணத்தின் ஓஃபுனாத்தோ என்ற அரசுப் பள்ளியில் அதே கேள்வி எழுந்தது. அந்தப் பள்ளியின் ரோகி சசாகி, நாட்டிலேயே மிக வேகமாக எறியும் மாணவர். மாகாணப் போட்டியின் ஓர் ஆட்டத்தில் அவர் 194 பந்துகள் எறிந்திருந்தார். அரையிறுதியில் மேலும் 129. மறுநாள் இறுதி ஆட்டம். வென்றால் கோஷியன். பயிற்சியாளர் அவரைக் களத்திலேயே இறக்கவில்லை. உடல் தாங்காது என்று கருதினார். எதிரணி சாதாரணமானதல்ல, ஷோஹெய் ஓட்டானி படித்த ஹனமாகி ஹிகாஷி பள்ளி. ஓஃபுனாத்தோ 2-12 எனத் தோற்றது. மறுநாளிலிருந்து பள்ளிக்குக் கண்டனத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. ஊரின் கனவைக் கலைத்துவிட்டார் என்று திட்டினார்கள். 2022 ஏப்ரலில் அதே சசாகி ஜப்பானியத் தொழில்முறை ஆட்டத்தில் எதிரணியின் ஒருவரைக்கூடத் தளம் ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். இன்று அவர் அமெரிக்காவில் ஆடுகிறார். இதற்கிடையே, ஒரு மாணவர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்ற விதியை ஜப்பானியப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு 2020-ல் கொண்டுவந்தது.

அந்தப் பயிற்சியாளர் சரியாகச் செய்தாரா என்று ஜப்பானில் இன்னமும் விவாதிக்கிறார்கள். சரி என்பதே என் கருத்து. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அந்த முடிவை ஒரு தனிமனிதர், அதுவும் ஓர் அரசுப் பள்ளியில் பணிபுரிபவர், தன் தோளில் மட்டும் சுமக்க நேர்ந்தது. விதி இருந்திருந்தால் அவர் விதியைக் காட்டியிருக்கலாம். பக்கத்தில் மருத்துவ அறிவுள்ள ஒருவர் இருந்திருந்தால் அவரைக் காட்டியிருக்கலாம்.

இந்தப் பயிற்சியாளர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலோர் முழுநேரப் பயிற்சியாளர்கள் அல்லர். காலையில் வரலாறோ கணிதமோ நடத்தும் ஆசிரியர், மாலையில் பயிற்சியாளராகிறார். அதற்குத் தனியாக ஒரு படித்தொகை உண்டு. செலவிடும் மணிகளைக் கொண்டு வகுத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய தொகைதான். தொகையின் அளவைவிட, அந்த உழைப்பு ஒரு வேலை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதே முக்கியம். வேலை என்று ஒப்புக்கொண்டுவிட்டால் தகுதியையும் கேட்கலாம். தலையில் அடிபட்ட மாணவரை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கான பயிற்சி பல மாநிலங்களில் கட்டாயம். மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் எழுந்தால் உடனே வெளியேற்ற வேண்டும், மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை திரும்பச் சேர்க்கக் கூடாது என்ற சட்டத்தை வாஷிங்டன் மாநிலம் 2009-ல் இயற்றியது. ஐந்தே ஆண்டுகளில் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழகத்துக்கும் இந்த அமெரிக்க மரபுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. கூடைப்பந்தை 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கியது மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். நான்கு ஆண்டுகள் கழித்து வாலிபாலை உருவாக்கிய வில்லியம் மார்கனும் அங்கே படித்தவரே. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி க்ரோ பக் 1919-ல் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. நம் பள்ளிகளில் வாலிபாலும் கூடைப்பந்தும் வேரூன்றியதில் அந்தக் கல்லூரியில் பயின்று ஊர் ஊராகச் சென்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து இரண்டு விளையாட்டுகள் வந்தன, பேஸ்பால் வரவில்லை. கிரிக்கெட் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. (உதகைக்கு அதற்கும் முன்பே ஒரு பெருமை உண்டு: ஸ்னூக்கரின் விதிகள் 1882-ல் உதகை கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டன. அதற்குப் பயிற்சியாளர் எவரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.)

பக் விட்டுச்சென்ற மரபு உடற்கல்வி ஆசிரியரின் மரபு. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் பள்ளியின் எல்லா மாணவர்களுக்கும் உரியவர். ஓடவே விரும்பாத குழந்தையும் அவருடைய மாணவரே. பயிற்சியாளர் குறிப்பிட்ட விளையாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு உரியவர். முன்னவர் உடற்கல்வியியல் பட்டம் பெறுகிறார். பின்னவருக்கான தகுதியாக, 1961-ல் பட்டியாலாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் கருதப்படுகிறது. தமிழகத்தில் இவை இரண்டும் வேறு வேறு துறைகளின் கீழ் வருகின்றன. ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவர். பயிற்சியாளர்கள் 1992-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ், பெரும்பாலும் மாவட்டத் தலைநகரின் விளையாட்டரங்கில் இருப்பார்கள். பள்ளிக்குள் பயிற்சியாளர் இல்லை. ஆனால் பள்ளிக்குள்தான் போட்டி தொடங்குகிறது.

குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஏறிச்செல்லும் அந்த ஏணியைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எல்லோரும் அறிவர். குடியரசு தினத் தடகளப் போட்டிகள், பாரதியார் தினக் குழுப் போட்டிகள் என்ற பெயர்களில் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் அவை நடக்கின்றன. இந்த ஏணியில் ஒரு மாணவியை ஏற்றிவிட ஆசிரியர் செய்யும் வேலைகளில் மைதானம் சிறு பகுதி மட்டுமே. கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் மாணவியின் எண் சரியாக இருக்கிறதா, பிறந்த தேதி ஆவணங்களில் ஒத்துப்போகிறதா, இணையப் பதிவு கடைசி நாளுக்குள் முடிந்ததா, சீருடைக்கு யார் பணம் தருவது, போகும் பேருந்து எது, திரும்பும் பேருந்து உண்டா என்று அவர் பார்க்க வேண்டியவை ஏராளம். மாநில அளவிலான சான்றிதழுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பு இருப்பதால், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அந்தக் காகிதம் கல்லூரி வாயிலாகக்கூட அமையலாம். பதிவில் ஒரு எழுத்துப் பிழை ஏற்பட்டால் கதவு அடைபடும். அமெரிக்கப் பள்ளியில் இதைச் செய்ய ஒரு தடகள இயக்குநர் இருக்கிறார். இங்கே அதைச் செய்பவரே காலை வழிபாட்டையும் ஒழுங்குபடுத்துகிறார், சுதந்திர தின அணிவகுப்புக்கும் பழக்குகிறார், தாமதமாக வருபவர்களை வாசலில் நிறுத்தவும் செய்கிறார்.

முழுநேர ஆசிரியர் இருக்கும் பள்ளிகளின் நிலை இது. 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் முதலிய பாடங்களுக்காக, வாரத்தில் மூன்று அரை நாட்கள் பணி, மாதம் 5,000 ரூபாய் என்பது தொடக்க ஏற்பாடு. ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்ந்தது. பணி நிரந்தரக் கோரிக்கையோ பல தேர்தல்களைக் கடந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமே, நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றுதான் அட்டவணையில் சொல்கிறது. பகுதிநேரம் என்ற சொல்லைச் சட்டமே தந்துவிட்டது. வாரத்தில் மூன்று அரை நாள் வரும் ஒருவரால், ஒரு மாணவியின் முழங்கால் போன வாரத்தைவிட இந்த வாரம் வீங்கியிருப்பதைக் கவனிக்க முடியுமா?

உடற்கல்விப் பாடவேளையைக் கணித, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. கடன் என்று சொல்கிறோம். திருப்பித் தரப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நீலகிரிக்கு இவற்றோடு அதன் நிலவியல் சேர்ந்துகொள்கிறது. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட அதே உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2023 ஏப்ரலில் அமெரிக்கப் பெருங்குழுப் போட்டி ஒன்று மெக்சிகோ நகரில் நடந்தபோது இரு அணிகளும் சேர்ந்து 11 முறை பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்டன, முடிவு 16-11. மெல்லிய காற்றில் பந்து அதிக தூரம் போகிறது, வளைவது குறைகிறது. உதகையில் பேஸ்பால் ஆடினால் பந்தெறிபவர்தான் பாவம்.

பேஸ்பாலை விடுங்கள். இந்த இயற்பியல் நம் வாலிபால் அணிக்கும் பொருந்துகிறது. உதகையில் சரியான அழுத்தத்துக்குக் காற்றடித்த பந்தைக் கோவைக்குக் கொண்டு இறங்கினால், கீழே காற்றழுத்தம் கூடுதல் என்பதால், பந்து தொய்ந்துவிடும். சமவெளியின் வெப்பம் அதைச் சிறிதளவே ஈடுகட்டும். கோவையிலிருந்து மேலே கொண்டுவந்த பந்தோ கல் போல இறுகியிருக்கும். உடலுக்கும் இதே கணக்கு. சமவெளியிலிருந்து வரும் ஓட்டக்காரருக்கு உதகையில் மூச்சு வாங்கும், இங்குள்ள எச்.ஏ.டி.பி. மைதானத்தில் உயர்மட்டப் பயிற்சிக்கென வெளியூர் வீரர்கள் வந்து தங்குவது அதை எதிர்பார்த்துத்தான். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு மூச்சுப் பிரச்சினை இல்லை. ஆனால் மண்டலப் போட்டிக்குக் கீழே இறங்கியதும் வெப்பம் அடித்துப்போடுகிறது. பதினைந்து டிகிரியில் பழகிய உடல் முப்பத்தைந்து டிகிரியில் எப்படி நடந்துகொள்ளும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், எத்தனை நாள் முன்னதாகச் சென்றால் பழகும் என்பதெல்லாம் பயிற்சியாளரின் பாடங்கள். ஒருநாள் முன்னதாகப் போவதற்கே பள்ளியில் பணம் இல்லாதபோது அந்தப் பாடம் ஏட்டில் நின்றுவிடுகிறது.

மழை இன்னொரு கணக்கு. குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வருகின்றன. சமவெளியின் நாட்காட்டிக்கு அது பொருந்தும். நீலகிரியின் மேற்குச் சரிவுக்கோ அதுதான் தென்மேற்குப் பருவமழையின் உச்சம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்ததை மறக்க முடியாது. கூடலூர், பந்தலூர்ப் பள்ளிகளில் அந்த இரண்டு மாதங்களும் மைதானம் என்பது சேறு. மேலும், மலையில் சமதளம் என்பதே அரிது. எத்தனையோ பள்ளிகளின் மைதானம் ஒரு பக்கம் சரிந்து தேயிலைச் செடிகளுக்குள் முடிகிறது. கால்பந்து ஆட்டத்தில் பாதி நேரம் பந்தைத் தேடுவதில் போய்விடும். நான் படித்த காலத்தில் எங்களுக்கு அது விளையாட்டின் ஒரு பகுதியாகவே தோன்றியது.

பள்ளி விட்ட பிறகான பயிற்சி என்ற எண்ணமே இங்கு எளிதில் செல்லுபடியாவதில்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்லும் பேருந்துகள் சில வழித்தடங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஐந்து மணிப் பேருந்தை விட்டால், அடுத்தது இருட்டிய பிறகுதான். அந்தப் பாதையில் யானையோ காட்டெருமையோ நிற்கலாம். சிறுத்தையைப் பற்றியும் பெற்றோர் அஞ்சுகிறார்கள். அது வீண் அச்சமன்று. மகளை மாலைப் பயிற்சிக்கு விட மறுக்கும் தாயைப் பிற்போக்கானவர் என்று சொல்லிவிட்டுப் போவது நகரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுலபம்.

அதே உதகையில், அரசுப் பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. 1858-ல் நிறுவப்பட்ட லவ்டேல் லாரன்ஸ் பள்ளி தொடங்கி, புகழ்பெற்ற பல நிறுவனங்கள். மாணவர்கள் வளாகத்திலேயே தங்குவதால், அங்கே மாலை என்பது பயிற்சிக்கு உரிய நேரம். பேருந்துக் கவலை இல்லை. உறைவிடப் பள்ளிகளை நான் குறைகூறவில்லை. ஒரே மலையில், ஒரே காற்றில் வளரும் இரு குழந்தைகளில் ஒருவருக்கு மாலை நான்கு மணிக்கு நாள் தொடங்குகிறது, இன்னொருவருக்கு அப்போதே முடிந்துவிடுகிறது என்பதைச் சுட்டுகிறேன்.

பயிற்சியாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது பதக்கங்களுக்காக மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இதில் பேசத் தயங்கும் ஒரு பக்கம் உண்டு. ஒரு குழந்தையின் விளையாட்டு எதிர்காலம் முழுவதும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது, அந்த மனிதரைப் பற்றிக் குறை சொல்லக் குழந்தைக்கு வாயில்லாமல் போகிறது. 2021-ல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்ட செய்தி நினைவிருக்கலாம். அணியில் யார் இருக்க வேண்டும், யார் எந்தப் போட்டிக்குப் போக வேண்டும் என்பதை ஒருவரே தீர்மானித்து, அவரே அழைத்துச் சென்று, அவரே அழைத்து வருவது, நல்லவர்களையும் ஐயத்துக்கு ஆளாக்கும் ஏற்பாடு. நான் அறிந்த உடற்கல்வி ஆசிரியர்களில் பலர் தங்கள் சொந்தப் பணத்தில் மாணவர்களுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தவர்கள். அவர்களுக்கும் பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருப்பது பாதுகாப்பே.

உடனே எழும் கேள்வி, பணத்துக்கு எங்கே போவது என்பது. ஆசிரியர் பணியிடங்களே நிரம்பாத இடத்தில் பள்ளிக்கு நான்கு பயிற்சியாளர் என்பது கனவு என்பார்கள். நான்கு புதிய பணியிடங்களை நான் கேட்கவில்லை. அமெரிக்கப் பள்ளிகளின் அந்தப் பட்டியலில் உள்ளவர்களும் பெரும்பாலும் வேறு பாடம் நடத்தும் ஆசிரியர்கள்தாம் என்பதை முன்பே குறிப்பிட்டேன். நம் பள்ளிகளிலும் அப்படி ஆர்வமுள்ளவர்கள் இருக்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் கபடி ஆடிய தமிழாசிரியர், வாலிபால் ஆடிய ஆய்வக உதவியாளர் என்று விசாரித்தால் தெரியும். படகர் ஹட்டிகளில் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடி வளர்ந்த இளைஞர்கள் மாலை வேளைகளில் ஊரிலேயே இருக்கிறார்கள். இத்தகையோரை முறையாகச் சரிபார்த்து, முதலுதவியிலும் குழந்தைப் பாதுகாப்பிலும் சில நாள் பயிற்சி அளித்து, போட்டிப் பருவத்துக்கு மட்டும் ஒரு படித்தொகை தந்தால், ஒரு பள்ளிக்கு ஒருவர் என்பது இருவராகவாவது ஆகும். பல பள்ளிகளுக்குப் பொதுவாகக் காயங்களைக் கவனிக்கும் ஒருவர் வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று வட்டத்துக்கு ஒருவர் இருந்தால்கூடப் பெரிய மாற்றம். மலை மாவட்டங்களின் குறுவட்டப் போட்டிகளை மழைக்குப் பிந்தைய மாதங்களுக்குத் தள்ளிவைப்பதற்கோ செலவே இல்லை. மாநிலப் போட்டியின் தேதியோடு ஒத்திசைத்தால் போதும்.

ஓட்டத்திலும் எறிதலிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான வரம்புகளையும் வகுக்க வேண்டும். இங்கிலாந்தின் கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று வயதுவாரியாக வரையறுத்திருக்கிறது. முதுகெலும்பில் ஏற்படும் நுண்முறிவுகளே காரணம். நம் மாவட்டப் போட்டிகளில் ஒரே மாணவி காலையில் இரண்டு ஓட்டங்கள், பிற்பகலில் நீளம் தாண்டுதல், மாலையில் தொடர் ஓட்டம் என்று ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்குப் புள்ளிகள் வேண்டும். அவளுக்கும் ஆசைதான். போதும் என்று சொல்ல வேண்டியவரே புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மாணவிகளை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்லும்போது பெண் ஆசிரியர் ஒருவர் உடன் செல்வது வழக்கம். உடற்கல்வி ஆசிரியர் ஆணாக இருக்கும் பள்ளியில், அறிவியலோ ஆங்கிலமோ நடத்தும் ஆசிரியை ஒருவர் தன் வீட்டை ஒழுங்குசெய்துவிட்டு அதிகாலைப் பேருந்தில் ஏறுகிறார். ஆட்ட விதி அவருக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பெண் காலையில் சாப்பிடவில்லை, யாருக்கு மாதவிடாய் நாள், யார் அழுதுகொண்டிருக்கிறாள், யாருடைய கணுக்கால் வீங்கியிருக்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. தண்ணீர்ப் புட்டிகளையும் சுவெட்டர்களையும் சுமந்துகொண்டு எல்லைக்கோட்டருகே நிற்கும் அவர்தான் அந்த அணியின் இரண்டாம் பயிற்சியாளர். அவர் வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு ‘பிற பணி’ என்று எழுதப்படும். அந்த இரண்டு சொற்களுக்குப் பதிலாக ‘துணைப் பயிற்சியாளர்’ என்று எழுதி, பயணப்படியோடு ஒரு சிறு தொகையும், ஆண்டுக்கு இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சியும் தருவதற்கு ஓர் அரசாணை போதுமானது.